கறுப்புத் துணி

— துணி எரிஞ்சுதா இல்லையா, அத மட்டும் சொல்லு முன்சொப் தம்பி.

— மொதல்ல உக்காருங்க அண்ணி. வெடிச்ச சத்தத்துல உங்களுக்குக் காதே அடைச்சிருக்கும்.

— என் காது கெடக்கட்டும். மூணு வருஷமா உங்க சோதனைக்கூடத்துக்குத் துணி தைக்கிறேன். அந்த வேலைய வாங்கிக் குடுத்ததும் நீதான். ஆள் நிக்கிற எடத்துல ஆளுக்குப் பதிலா ஒரு சாண் கறுப்புத் துணி தொங்கும், அது எரிஞ்சா ஆள் போன மாதிரின்னு சொன்னதும் நீதான். இன்னிக்கு என்னாச்சு?

— எரிஞ்சிருச்சு. பதினாறுல பதினொண்ணு.

— துணைமின் நிலையத்துல எங்க வீட்டுக்காரர் நின்ன அதே மாதிரி மின்பெட்டிதானே?

— அதேதான். எட்டுத் தடவ கேட்டு, இன்னிக்குத்தான் சோதிக்க விட்டாங்க.

— கதவு?

— பூட்டித்தான் வச்சோம். பூட்டோட பிச்சுக்கிட்டு வந்துருச்சு.

— அப்போ... அந்த மனுஷன் கதவத் தெறந்து வைக்கல?

— இல்ல அண்ணி. கியொங்மோ அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல.

— அட பாவிகளா! அசட்டையாக் கதவத் தெறந்து போட்டு செத்தான்னு துணைமின் நிலையமே சொல்லிச்சே. நானும் நம்பினேனே! எதுக்குத் தம்பி பிச்சுக்கிச்சு?

— முன்னாடி பெட்டிக்குள்ள வேற வாயு இருந்துச்சு. உள்ள மின்சாரம் தாவி வெடிச்சா, அது சூட்ட வாங்கிக்கிட்டு மெதுவா உப்பும். அதுக்குள்ள மேல இருக்கிற தகடு கிழிஞ்சு வழி விட்டுரும். பூமிக்கு ஆகாதுன்னு அத எடுத்துட்டு வெறும் காத்த அடைச்சாங்க. காத்து சட்டுனு உப்பிருது. தகடு கிழிஞ்சும் பத்தல.

— அப்பவே இத யாரும் சோதிக்கலையா?

— பழைய வாயுவ வச்சுச் சோதிச்சாங்க. ஒரு துணிகூட எரியல. காத்துக்கும் இந்தச் சோதனையே போதும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க.

— எழுதின மகராசன் இப்ப எங்க?

— இங்கதான், சாங்வொன்லதான் இருக்கான். இந்த பார்லி தண்ணியக் குடிங்க அண்ணி.

— ஒவ்வொரு திதிக்கும் சோத்த வச்சுட்டு அவர் படத்தத் திட்டுவேன். ஒரு கதவ மூடத் துப்பில்லாம என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேன்னு. அந்தக் கோவம் ஒண்ணுதான் தம்பி, வீட்டுல எனக்குப் பேச்சுத்துணை. அதுவும் இன்னியோட போச்சு. இனி யாரத் திட்டுவேன்?

— என்னத் திட்டுங்க அண்ணி. கையெழுத்து என்னோடது.