ஆள் போடுறவன்

— வெஸ்ஸல், என்னய்யா இது? நீ கொண்டாந்த படத்துல வாசல்ல நிக்கிற பொம்பளையைக் காணோமே!

— முதல்ல உள்ள விடு ஹைபெர்ட். ஹார்லெம்லேருந்து இந்த மணல்மேடு வரைக்கும் எதிர்காத்துல நடந்து வந்திருக்கேன். கேட்டுக்க, மூக்கே கையோட வந்துடும்போல இருக்கு.

— வா, அடுப்புக்கிட்ட உக்காரு. பீர் ஊத்துறேன். இப்போ சொல்லு. வானம், மணல்மேடு, என் வீடு எல்லாத்தையும் நான் வரைஞ்சு அனுப்பிட்டேன். அதுல ஆள் வரைஞ்சு போடுறது உன் வேலை.

— போட்டிருக்கே. அதோ, கரையோரமா மூட்டையோட ஒருத்தி போறா பாரு.

— எறும்பு கணக்கா இருக்கா! அவ எப்பவும் என் வாசல்ல, கதவைத் தட்டக் கையத் தூக்கிக்கிட்டு நிப்பாளே. அவளைப் போடு.

— வாங்குறவன் கேட்டானா?

— நான் கேக்குறேன்யா.

— நீயா? கேட்டுக்க, மனுஷ மூஞ்சியே வேண்டாம்னு ஊரைவிட்டு இங்க வந்து உக்காந்தவன் கேக்குறான்!

— சிரிக்காதே. உன்கிட்டேருந்து படம் வந்ததும் சுவத்துல சாத்திவெச்சுப் பார்த்துக்கிட்டே இருப்பேன். யாரோ வந்திருக்காப்ல இருக்கும். சில நாள் ரெண்டு தட்டு எடுத்து வெச்சிருக்கேன். பைத்தியம்னு வேணா சொல்லிக்க. தனியா இருக்க முடியலய்யா. இந்தா பிரஷ், இப்பவே போடு.

— என் கையப் பாரு.

— ஐயையோ, என்னய்யா இப்படி நடுங்குது?

— மூணு வருஷமா இப்படித்தான். வெளிய சொன்னா பொழப்பு போயிடும்னு வாயத் தொறக்கல.

— அப்போ ஆளெல்லாம் யாரு போட்டது?

— பசுமாடு, படகுக்காரன், அந்தப் பொம்பளை எல்லாமே ஒருத்திதான் போட்டா. சின்ன வயசுல உன் பக்கத்துல உக்காந்து சாயம் அரைச்சவ.

— ஆல்ட்யாவா?

— உனக்கு வேற எத்தனை மக இருக்கு? மீன்காரனைக் கட்டிக்கிட்டான்னு தாழ்ப்பாள் போட்டியே, அவதான்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ!

— சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ‘என் கை வரைஞ்சது எங்கப்பாவுக்குத் தெரியாதா’ன்னா.

— தெரியலியே... பாவி எனக்குத் தெரியலியே. எங்க இருக்கா? கூட்டிட்டு வா. கதவைத் தொறந்தே வெச்சிருக்கேன்னு சொல்லு.

— இந்தப் படத்துல மூட்டையோட போறவளைப் போட்டு முடிச்சுட்டு, போன ஞாயித்துக்கிழமை புருஷனோட கப்பல் ஏறிட்டா. டான்சிக் போறாங்க. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டாங்க.

— போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வந்து தட்டியிருக்கலாமே வெஸ்ஸல்!

— தட்டாமலா? மூணு வருஷமா ஒவ்வொரு படத்துலயும் வந்து தட்டினா. நீதான் ஒவ்வொண்ணா வித்துட்டே.