ஒற்றை பஸ்பாரைத் தேர்ந்தெடுத்த காரணம்

ஒன்பது மணி நேரம் இருபது நிமிடம் மின்சாரம் இல்லை. காலை பத்து மணிக்கு நிறுத்தினோம், மாலை ஏழு இருபதுக்குக் கொடுத்தோம். அன்று வெயில் அதிகம் இல்லை. திறந்த வெளியில் நின்று வேலை பார்க்க நல்ல நாள்.

அந்த நேரத்துக்குள் என் கணவரின் அப்பா இறந்துபோனார். நுரையீரல் நோயாளி. மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவியை நம்பி மூச்சு விட்டவர். ஆறு மணி நேரம் என்று அறிவித்த மின்நிறுத்தம் நீண்டதால்தான் அவர் இறந்தார் என்று உங்கள் விசாரணைக் குழுவின் வரைவு அறிக்கை சொல்கிறது. பராமரிப்பு வேலையை நடத்திய ஃபோர்மேன் ஒரு துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டியதால் நீண்டது என்றும் சொல்கிறது. அவருக்கு வேலை போகப்போகிறது. என்னிடம் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: துணை மின்நிலையத்தைப் புதுப்பித்தபோது ஒற்றை பஸ்பாரை ஏன் பரிந்துரைத்தேன். ஃபோர்மேனுக்காக, கேட்டதற்கு மேலும் எழுதுகிறேன்.

பஸ்பார் என்பது ஒரு நீண்ட உலோகத் தண்டு. வருகிற மின்சாரம் அதில் ஏறும், ஊருக்குப் போகிற லைன்கள் எல்லாம் அதிலிருந்து பிரியும். இரட்டைத் தண்டு வைத்தால் ஒன்றைப் பராமரிக்கும்போது மற்றொன்று வேலை செய்யும். யார் வீட்டிலும் விளக்கு அணையாது. ஒற்றைத் தண்டை நடுவில் பிரித்து வைத்தால் பாதி ஊருக்காவது மின்சாரம் இருக்கும். பிரிக்காத ஒற்றைத் தண்டு என்றால், வருடத்துக்கு ஒரு நாள் எல்லாவற்றையும் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அதற்குக் குறைந்த இடம் போதும். சுவிட்சுகள் குறைவு, சுவிட்சுகள் குறைந்தால் ஆள் செய்யும் தவறும் குறையும். எங்கள் வளாகம் குறுகல். இவை எல்லாம் உண்மையான காரணங்கள். பதினோரு பக்கங்களில் எழுதினேன்.

அலுவலகத்தில் எனக்குப் பேசாமடந்தை என்று பெயர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண் என்று தலைமைப் பொறியாளர் எல்லோரிடமும் சொல்வார். அறிக்கையைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நடுவுல ஒரு பிரிவாவது போட்டுடலாமே? பாதி ஊரு தப்பிக்கும்."

"மதில்சுவரை இடிக்கணும் சார். அளவு எட்டாம் பக்கத்துல இருக்கு."

"அடேங்கப்பா. வாய்தான் ஊமை, பேனா ஊரையே விழுங்கும் போலிருக்கே" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த அறிக்கையை எழுதும்போது நான் மாமாவை நினைக்கவில்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாமா கெட்டவர் இல்லை. என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவருக்குச் சளி. பகல் முழுவதும் காறி ஒரு எவர்சில்வர் டம்ளரில் துப்புவார். அதைக் காலையிலும் மாலையிலும் நான் கழுவினேன். அது தண்ணீரோடு போகாது. அடியில் ஒட்டிக்கொண்டு, விரலால் வழித்தால் நூலாக நீண்டு வரும். சில நாள் பச்சை, சில நாள் பழுப்பு. துப்பியது டம்ளரைத் தவறினால் விரலால் துடைத்துக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் தேய்ப்பார். சுவர் அந்த இடத்தில் மினுமினுக்கும். கழற்றிய பல்செட்டை என் பல்துலக்கி இருக்கும் கோப்பையில் போட்டுவைப்பார். என் கணவர் வாசற்படியில் நின்றே, "அப்பா, சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். உள்ளே வரமாட்டார். அவருக்குக் குமட்டுமாம்.

மாமாவுக்கு என்மேல் பிரியம். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துப் பாதி தின்றுவிட்டு, மீதியை எனக்கென்று வைத்திருப்பார். அலுவலகம் விட்டு வந்ததும் கொழகொழத்த அந்தப் பாதியை நீட்டுவார். "சாப்பிடு அம்மாடி, களைச்சுப்போய் வந்திருக்கே." மூன்று வருடம் அதை வாங்கித் தின்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார், வேறு வழியில்லை.

பஸ்பார் என்றால் என்ன என்று அவரும் ஒருமுறை கேட்டார். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் பெரிய குழாய், அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னக் குழாய் என்று சொன்னேன்.

"அப்ப அந்தப் பெரிய குழாயைக் கழுவணும்னா? எல்லா வீட்லயும் தண்ணி நின்னுடுமே?"

தலைமைப் பொறியாளர் நான்கு நாள் எடுத்துக்கொண்ட இடத்துக்கு அவர் அரை நிமிடத்தில் வந்துவிட்டார்.

"ஆமா மாமா. வருஷத்துல ஒரு நாள்."

"ஒரு நாள்தானே. பல்லைக் கடிச்சுக்கலாம். எனக்குப் பல்லுதான் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி டம்ளரில் முடிந்தது.

கருவியின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவைத்தேன். இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம். வீட்டில் நோயாளி இருந்தால் எல்லோரும் பார்த்துவைக்க வேண்டியதுதான். அறிக்கையை அதற்கு மறுநாள் கொடுத்தேன். அது தற்செயல்.

கட்டி முடித்து, முதல் பராமரிப்பு நாள் வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அவசரப்படும் பெண் இல்லை நான்.

மின்நிறுத்தத்துக்கு முன் எங்கள் அலுவலகம் ஒரு பட்டியலை எடுக்கும். வீட்டில் உயிர்காக்கும் கருவி வைத்திருப்பவர்கள் பட்டியல். எழுத்தர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்வார். ஏற்பாடு இல்லை என்றால் ஆம்புலன்ஸ் அனுப்பி மருத்துவமனையில் சேர்ப்பார்கள். மொத்தம் ஏழு வீடுகள்.

"மேடம், நாலாவது உங்க வீடு. நீங்க பண்ற ஷட்டவுனை உங்களுக்கே போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

"கொல்லன் தெருவுல ஊசி விக்கிறதா?" என்று சிரித்துவிட்டு நான்காம் எண்ணுக்கு நேரே டிக் போட்டார். அவர்மேலும் தவறில்லை.

மாமாவிடம் நான் முறையாகச் சொன்னேன். பத்து மணிக்குக் கரண்ட் போகும், இரண்டு மணி நேரம் பேட்டரி ஓடும், பிறகு பக்கத்தில் இருக்கும் சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டிக்கொள்ளுங்கள், ஐந்து மணி நேரம் வரும் என்றேன். அதற்குள் கரண்ட் வந்துவிடும். கணக்கு சரி. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாம்மாவை அன்று வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மின்விசிறி இல்லாத அறையில் அவர் ஏன் வேகவேண்டும். என் கணவருடைய தொழிற்சாலையில் போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். அது அவர்கள் விதி.

இப்போது ஃபோர்மேன் விஷயம். போல்ட் சிக்கியது நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்பு. சிலிண்டர் ஐந்து மணிக்குத் தீர்ந்து, கரண்ட் வராததால் மாமா இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். காலிச் சிலிண்டர்தான் உங்கள் சாட்சி. நான் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனதாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஐந்தரைக்கே போய்விட்டேன். அப்போது சிலிண்டர் நிறைய இருந்தது. அதை முழுவதும் திறந்துவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சிலிண்டரின் சீறல் அடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய தாடையில் வழிந்திருந்ததை நான் துடைக்கவில்லை. டம்ளரையும் கழுவவில்லை. கல்யாணமான பிறகு டம்ளர் கழுவாத முதல் மாலை அது.

ஆகவே நீண்டுபோன அந்த மூன்று மணி நேரம் இருபது நிமிடத்துக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்லை. பன்னிரண்டரைக்கெல்லாம் எல்லாம் முடிந்திருக்கும். ஃபோர்மேனை விட்டுவிடுங்கள். பஸ்பாரையும் குறை சொல்லாதீர்கள். அந்தக் குறுகிய இடத்துக்கு ஒற்றைத் தண்டுதான் சரி. இப்போது கேட்டாலும் அதைத்தான் எழுதுவேன்.

பன்னிரண்டு மணி எட்டு நிமிடத்துக்கு மாமா என்னைக் கூப்பிட்டார். ஃபோர்மேன் பக்கத்தில் நின்றார்; கேட்டுப் பாருங்கள், நான் போனை எடுத்தேன்.

"அம்மாடி... சிலிண்டரைத் திருகுற சாவி... கயித்துல கட்டியிருப்பியே... காணோமே."

"மேசை இழுப்பறையில இருக்கும் மாமா. நல்லாப் பாருங்க."

இழுப்பறையை இழுக்கும் சத்தம் கேட்டது. பொருள்களைக் கலைக்கும் சத்தம். பிறகு காறல். போனிலேயே அந்த ஈரம் என் காதில் ஒட்டியதுபோல இருந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"இல்லியே கண்ணு... நீ பதறாதே... நான் தேடிக்கறேன்."

அடுத்த இழுப்பறையைத் திறந்தார். எனக்குத் தெரியும், அதிலும் இருக்காது. காலையில் அவர் கண் அயர்ந்தபோது கயிற்றை அறுத்து, சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வந்திருந்தேன்.