பக்கத்து சீட்டு

— லைட்டைக் கொஞ்சம் இறக்கிப் பிடி... இன்னும்... ஆங், அங்கயே.

— இறக்கினா குனியணும். குனிஞ்சா முதுகு பிடிச்சுக்கும். என் முக்காலி எங்கங்க போச்சு? பத்து நாளா தேடறேன்.

— வீட்டுக்குள்ள எங்கயாவது கிடக்கும்.

— வீட்டுக்குள்ள உங்க கியர்பாக்ஸ் ஒரு வருஷம் கட்டிலுக்குப் பக்கத்துல கிடந்துச்சு. எந்த போல்ட் எந்த டப்பாவுல இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். முக்காலிக்கு மட்டும் கால் முளைச்சுப் போயிடுச்சா?

— அதுக்குத்தான் ஏற்கனவே மூணு கால் இருக்கே.

— காலங்காத்தால கிண்டல்... மணி ஆறரை. ஒன்பது மணிக்கு உங்க சிநேகிதர் மீசை வந்து நிப்பார், ஞாபகம் இருக்கா?

— இருக்கு, இருக்கு. உள்ள ஏறி செல்ஃபை ஒரு தட்டு தட்டு.

— தட்டறேன்... என்னங்க, வெறுமனே சுத்துதே.

— போதும், விடு. சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது.

— பெட்ரோல்?

— வருது. என் கையை மோந்து பாரு.

— வேண்டாம், மூணு வருஷமா மோந்தாச்சு. பேட்டரி?

— நேத்துதானே சார்ஜ் போட்டேன். பிளக்குக்குத்தான் கரன்ட் வரல.

— காயில்ல இருந்து?

— காயில்ல இருந்து வருது.

— அப்போ ரெண்டுக்கும் நடுவுலதானே...

— நடுவுல நிறைய இருக்கும்மா. நிதானமா பார்ப்போம்.

— நாப்பது நாள் மலைப் பயணம் கிளம்பறவர் பேசற பேச்சா இது? உங்க கப்பல் சிநேகிதங்க ஜீப்பு மூணும் இந்நேரம் சாமான் ஏத்தி நிக்கும்.

— நிக்கட்டும்.

— பதினஞ்சு நாளைக்கு முன்னாடி இதே வண்டி தெருமுனை வரைக்கும் போய்ட்டு வந்துச்சு. நான்தான் கேட்டுல நின்னு பாத்தேனே. கையெல்லாம் ஆட்டினீங்க.

— நீ ஆட்டலையே.

— கையில சோப்பு நுரை.

— பழைய இரும்புக் கடையில பானெட்டுக்குள்ள செடி முளைச்சுக் கிடந்த ஜீப்பு. மூணு வருஷம் கழிச்சு ஓடுது. சோப்புக் கையை ஆட்டினா என்ன?

— ஒத்தை சீட்டு வச்ச வண்டிக்கு எதுக்குக் கை ஆட்டணும்...

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல. ஸ்பேனர் வேணுமான்னு கேட்டேன்.

— பதினாலாம் நம்பர்.

— இந்தாங்க... ஏங்க, அந்தப் பக்கத்து சீட்டை எப்போ மாட்டப் போறீங்க?

— மாட்டினா இடம் அடைச்சுக்கும். அங்கதான் கூடாரம், தண்ணி கேன், டூல் பாக்ஸ் எல்லாம் வைக்கணும்.

— அதுவும் சரிதான். தண்ணி கேனுக்கு முன்னாடி உக்காந்து மலை பாக்கணும்னு ஆசையா இருக்கும், பாவம்.

— உனக்கு மலைன்னா ஆகாதே. வளைவுல தலை சுத்தும்பே.

— யார் சொன்னது?

— நீதான். கல்யாணமான புதுசுல, பஸ்ல.

— முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பஸ்ல சுத்தின தலை இன்னுமா சுத்திக்கிட்டு இருக்கும்?

— எனக்கென்ன தெரியும்... துணியை எடு.

— இந்தாங்க. அந்தக் கறுப்பு மூடியைத் தொறந்து பாத்தீங்களா?

— எந்த மூடி?

— டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அஞ்சு ஒயர் வந்து சேருதே, அது.

— அது நல்லாத்தான் இருக்கும்.

— தொறக்காம எப்படித் தெரியும்?

— முப்பது வருஷம் கப்பல் இன்ஜினோட குடும்பம் நடத்தினவன். தொறக்காமயே தெரியும்.

— ஆமா, அதோடதான் நடத்தினீங்க. எங்கூட நடத்தினதைக் கூட்டிப் பாத்தா அஞ்சு வருஷம் தேறுமா? வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவு. வந்து இறங்கின முதல் பத்து நாள் விருந்தாளி மாதிரி சோபா நுனியில உக்காந்திருப்பீங்க. ஒருவழியா பழகி வரும்போது பெட்டி கட்டுவீங்க.

— லைட் ஆடுது.

— ஆடட்டும். ரிட்டயர் ஆகி வந்தீங்க... அப்பவும் என்ன? ஒரு மாசம் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு ரூம்ல பேப்பர் படிச்சோம். காபி வேணுமா, வேணும். சாப்பிடலாமா, சாப்பிடலாம். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் இந்தத் துருப்பிடிச்ச சனியன் வந்து சேர்ந்துச்சு.

— சனியனா? உன் பாத்திரத்துல போல்ட் ஊற வச்ச கோபம் இன்னும் போகலையா?

— குறுக்க பேசாதீங்க, சொல்லிடறேன். இது வந்த பிறகுதாங்க தினமும் காலையில உங்க பக்கத்துல உக்காந்து பேசியிருக்கேன். பார்ட் பேரெல்லாம் கேட்டுக் கேட்டு டப்பாவுல எழுதி ஒட்டினேன். சேஸிஸை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். பச்சை பெயின்ட் மூணு கோட்டுக்கும் டப்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு நாளாவது சலிச்சுக்கிட்டேனா?

— இல்ல.

— பிரேக் டிரம் கிடைக்காம ஆறு மாசம் அலைஞ்சீங்களே... உங்க மூஞ்சியைப் பாத்தா பாவமா இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோஷம். கிடைக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.

— நீயா?

— நானேதான். இது ஓடிடுச்சுன்னா நீங்களும் அதோட ஓடிடுவீங்கன்னு தெரியும்.

— ...உன்னை ஒரு தடவை கப்பலுக்குக் கூப்பிட்டேனே.

— கூப்பிட்டீங்க. பெட்டி கட்டினேன். வாசல்ல வண்டி வந்து நிக்குது, உங்க போன் வருது. கப்பல் ஒரு நாள் முன்னாடியே கிளம்பிடுச்சு, அடுத்த தடவை பார்ப்போம்னீங்க. அந்த அடுத்த தடவை வரவே இல்ல.

— லீவுல வந்து பாத்தேன். பெட்டி காலியா பரண் மேல இருந்துச்சு. புடவையெல்லாம் பீரோவுல அடுக்கியாச்சு. சரி, இவளுக்கு வர இஷ்டமில்ல, தப்பிச்சோம்னு பிரிச்சு வச்சுட்டான்னு நினைச்சேன்.

— அடக் கடவுளே... கட்டின பெட்டியை நடு வீட்டுல வச்சு தினமும் பாத்துக்கிட்டு எப்படிங்க இருப்பேன்? மூணு நாள் பாத்தேன். முடியல. அழுதுக்கிட்டே பிரிச்சேன்.

— சொல்லலையே நீ.

— நீங்க கேக்கலையே.

— ...அந்தத் துணியைக் கொடு. முகத்துல கிரீஸ்.

— அது கிரீஸ் துணிங்க. இந்தாங்க, என் முந்தானை.

— மணி என்ன?

— ஏழே கால்.

— மீசைக்குப் போன் போட்டுச் சொல்லிடவா? வண்டி கிளம்பல, நீங்க போங்கன்னு.

— வேண்டாம். கொஞ்சம் இருங்க. இந்த லைட்டைப் பிடிங்க, உள்ள போய்ட்டு வந்துடறேன்.

— இப்போ எதுக்கு உள்ள? ஏய்... பாத்து, படியில ஆயில் சிந்தியிருக்கு.

— வந்துட்டேன். கையை நீட்டுங்க.

— என்ன இது?

— ரோட்டர். கறுப்பு மூடிக்குள்ள இருக்க வேண்டியது. தையல் மிஷின் டிராயர்ல, நூல்கண்டுக்கு அடியில வச்சிருந்தேன். நீங்க தெருமுனைக்குப் போய்ட்டு வந்து குளிக்கப் போனீங்களே, அப்போ கழட்டினேன். திட்டணும்னா திட்டிடுங்க. இப்படிப் பாக்காதீங்க.

— இத்தனை பார்ட்ல இதை எடுக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?

— நீங்க சொன்னதுதான். பட்டாளத்துல ஜீப்பை யாரும் கிளப்பிக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு இதை மட்டும் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்குவாங்கன்னு. டப்பாவுல பேர் எழுதினப்ப சொன்னீங்க. காது கொடுத்துக் கேக்காமலா எழுதினேன்?

— ம்.

— மாட்டுங்க. போய்ட்டு வாங்க. தண்ணியையே பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு, மலையைப் பாக்கணும்னு எத்தனை லெட்டர்ல எழுதியிருக்கீங்க. அதைப் போய் நூல்கண்டுக்கு அடியில ஒளிச்சு வச்சேனே... அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்துச்சோ.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— மறுநாள் காலையிலயே மூடியைத் தொறந்து பாத்தேன். உள்ள காலி.

— அப்போ பதினஞ்சு நாளா பிளக்கைக் கழட்டினது, கார்புரேட்டரைக் கழுவினது, என்னை ஏத்தி வச்சு செல்ஃப் அடிக்கச் சொன்னது... எல்லாம் நாடகமா?

— நீ தினமும் வந்து லைட் பிடிச்சியே. அது நாடகம் இல்லையே.

— நல்லா இருக்கே நியாயம். கடையில புதுசு ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கலாம்ல?

— மாட்டியிருக்கலாம். அப்புறம் நீ அதை ஏன் எடுத்தேன்னு எனக்கு யார் சொல்லுவா? நான் போறது பிடிக்காம எடுத்தியா, வண்டியே பிடிக்காம எடுத்தியான்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு. கேக்கவும் பயம். வாயைத் தொறந்து கேட்டு, நீங்க போனா போங்க, வண்டிதான் பிடிக்கலன்னு நீ சொல்லிட்டா அப்புறம் நான் என்ன பண்றது?

— சரி, சரி... கண்ணைத் தொடைச்சுக்கிட்டு அதை மாட்டுங்க. மீசை வந்துடுவார்.

— மீசை வரமாட்டான்.

— ஏன்?

— போன ஞாயித்துக்கிழமையே மூணு ஜீப்பும் கிளம்பிடுச்சு. நான் வரலைன்னு சொல்லிட்டேன்.

— பின்ன ஒன்பது மணிக்கு ஆள் வரணும்னதுக்கு இருக்கு, இருக்குன்னீங்களே, அது யாரு?

— சீட்டு தைக்கிறவர். பக்கத்து சீட்டை எடுத்துட்டு வரார்.

— எது, இந்த ஜீப்புக்கா?

— வேற எதுக்கு? பழைய சீட்டு ரொம்ப உயரம். ஏறி இறங்கினா உன் முழங்கால் தாங்காது. கால் தொங்கினா வீங்கிடும். அதான் இறக்கித் தைக்கச் சொன்னேன்.

— எவ்வளவு இறக்கணும்னு அவருக்கு என்ன தெரியும்?

— உன் முக்காலி அவர்கிட்டதான் இருக்கு. இதுல உக்காந்தா மட்டும் அவளுக்கு வலிக்காது, இந்த உயரம் வேணும்னு கொடுத்தேன். லைட்டை அணைச்சுக் கீழ வை. அதான் விடிஞ்சாச்சே.

— அப்போ தண்ணி கேன்?

— பின்னாடி போகும். அதுக்கு மலை பாக்கற ஆசையெல்லாம் கிடையாது, நான் கேட்டுட்டேன்.

— கிண்டல்...

— கிண்டல் இல்ல. இந்தத் தடவை ஒழுங்கா கேக்கறேன். கப்பல் இல்ல, முன்னாடியே கிளம்பிடாது. நாம கிளம்பினாத்தான் கிளம்பும். எங்கூட வர்றியா? வளைவு நிறைய இருக்கு. தலை சுத்துச்சுன்னா நிறுத்தறேன், எத்தனை தடவை வேணா நிறுத்தறேன்... இன்னிக்கேன்னு சொல்லல. ஒரு ரெண்டு நாள் எடுத்துக்கோ, நிதானமா பெட்டி கட்டு.

— கட்டியாச்சுங்க. ரோட்டரைக் கழட்டின அன்னிக்கே கட்டிட்டேன். இந்தத் தடவை கண்ணுல பட்டுப் பிரிச்சுடக் கூடாதேன்னு கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருக்கேன்.