ஆறாவது டேக்

கிறிஸ்துமஸுக்குக்கூட நான் பட்டாசு வெடிப்பதில்லை. என் அம்மா உபகாரமேரிக்கு ரத்த அழுத்தம். ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கும்போது, கதவைத் திறந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய், அங்கேதான் சாவி போடுவேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். ஆல்பின் யாருக்கும் தொந்தரவு தராதவன் என்றே சொல்வார்கள்.

ஒரு தனியார் கிளினிக்கில் காது பரிசோதனை செய்வது என் வேலை. சத்தத்தின் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கி, சின்னசேலத்தில் எஞ்சின் டியூனிங் செய்யும் ஜீவாவிடம் விட்டேன். எஞ்சினுக்குள் எரிய வேண்டிய பெட்ரோலை அங்கே எரியவிடாமல் சைலன்சருக்கு அனுப்பி வெடிக்கச் செய்வது ஒரு நுட்பமான வேலை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அந்த நிலைக்குக் கொண்டுவர ஜீவாவுக்கு லேப்டாப்போடு இரண்டு நாள் பிடித்தது.

"எறக்கத்துல வேகமா வந்து, ஆக்சிலேட்டர்லருந்து சடார்னு கால எடுங்கண்ணா. அதுவே பேசும்" என்றான்.

பேசியது. முதலில் படபடவென்று, பிறகு துப்பாக்கிபோல் இரண்டு.

வெள்ளிமலைக்குப் போகும் மலைப்பாதையில் எதிரே பாறையும் இந்தப் பக்கம் பள்ளமுமாக ஒரு வளைவு உண்டு. சத்தம் பாறையில் பட்டுத் திரும்பும். அங்கே ஒரு ரெக்கார்டரை வைத்துவிட்டு மேலிருந்து காரை இறக்கினேன். கொளஞ்சியம்மாளை அன்றுதான் முதலில் பார்த்தேன். கடுக்காய் பொறுக்கும் கூலிக்காரப் பெண், ஐம்பது வயதிருக்கும். கணவர் ராசு காட்டுக்குள் பொறுக்க, இவர் சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து மூட்டைகளைப் பார்த்துக்கொள்வார். நான் காரை நிறுத்தியதும் வந்து குனிந்து பின்பக்கம் பார்த்தார்.

"இன்னா தம்பி, வண்டிக்கு வயித்தால போவுதா? இஞ்சி தட்டிப் போட்டு கசாயம் வெச்சிக் குடு. பாவம், ரொம்பக் கஷ்டப்படுது."

ரெக்கார்டர் அதையும் பிடித்துக்கொண்டது. ஜீவா வெட்டாமல் இணையத்தில் போட்டுவிட்டான். நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள். வெடிச் சத்தத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லோரும் இஞ்சியைப் பற்றியே எழுதினார்கள். சேலத்தில் கார் பிரியர்கள் கூடிய இடத்தில் யாரோ என் வைப்பரில் ஒரு இஞ்சித் துண்டைச் செருகிவைத்திருந்தார்கள். கிளினிக்கில் நர்ஸ் நான்சி, "கசாயம் சார்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாள் சத்தத்தைச் சரியான தூரத்திலிருந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் கேட்டால் மரியாதை வரும். ஜீவாவிடம் சொல்லி வெடியை இன்னும் கூட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு முதல் பூசை முடிந்து தனியாகப் போனேன். கொளஞ்சியம்மாள் சாலைக்கு முதுகு காட்டி, கால்களைப் பள்ளத்துப் பக்கம் தொங்கவிட்டு, கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் ரெக்கார்டரை வைத்துவிட்டு, காரை மேலே கொண்டுபோய்த் திருப்பினேன் என்பதை மறைக்கவில்லை.

அவருக்கு நேராக வந்தபோது காலை எடுத்தேன்.

கீழே காரை நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்தபோது சுவரில் மூட்டை மட்டும் இருந்தது. எட்டிப் பார்த்தேன். இருபதடிக்குக் கீழே ஒரு புதரில் கிடந்தார். ஒரு கால் தப்பான திசையில் மடங்கியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, காலு ஒடிஞ்சிபோச்சி. மேல எங்க வூட்டுக்காரரு இருக்காரு, ஒரு கொரலு குடு சாமி."

தெளிவான பேச்சு. மூச்சு இரைக்கவில்லை. தெளிவாகப் பேசுகிறவர் ஆபத்தில் இல்லை என்று கணித்தேன். "இருங்க, வர்றேன்" என்றேன். எப்போது என்று சொல்லவில்லை. ஆகவே அதைப் பொய் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஹெட்போனை மாட்டி முதல் டேக்கைக் கேட்டேன். வெடி அருமையாக வந்திருந்தது. ஆனால் அதன் வாலில் ஓர் அலறலும் கற்கள் சரிகிற சத்தமும். மறுபடி மேலே போய் எடுத்த இரண்டாவது டேக்கில் "தம்பி, தம்பி" என்ற குரல். மூன்றாவதை ஒரு மினி பஸ் கெடுத்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை, போங்கள் என்று கையசைத்தேன். நான்காவதில் "வந்துக்கினு இருக்கியா சாமி?" ஐந்தாவதில் வெறும் முனகல். இன்னொருவர் காதுக்கு அது எட்டியிருக்காது. எனக்கு எட்டியது. எஞ்சினும் சூடாகியிருந்தது. சற்றுப் பொறுத்தேன்.

ஆறாவது டேக் சுத்தமாக வந்தது. காற்று, எங்கோ ஒரு மைனா, பிறகு நான்கு வெடிகள், பாறையிலிருந்து அவற்றின் எதிரொலி, அமைதி. குரல் நின்றதால், அவர் எப்படியோ ஏறிப் போயிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். குனிந்து பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். மாலையில் அதை நானே இணையத்தில் ஏற்றினேன். இந்த முறை எல்லோரும் சத்தத்தைப் பற்றி மட்டுமே எழுதினார்கள்.

ராசு மதியம் மூட்டையோடு இறங்கி வந்து மனைவியைக் கண்டெடுத்திருக்கிறார். அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். முதல் டேக்குக்கும் ஆறாவதுக்கும் நடுவே ஐம்பத்திரண்டு நிமிடம். ரெக்கார்டரில் நேரம் பதிவாகியிருக்கிறது. நான் எதையும் அழிக்கவில்லை. மோசமான டேக்குகளையும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வெடிக்கிற சிவப்புக் கார் என்று ராசு ஒரு வார்த்தை சொன்னது போலீசுக்குப் போதுமானதாக இருந்தது. என் கார் மலை முழுக்கத் தெரிந்திருக்கிறது என்பதைச் சந்தோஷமாகத்தான் குறித்துக்கொண்டேன்.

நேற்று ஸ்டேஷனில் எஸ்.ஐ. அபிநயா என் ஹெட்போனிலேயே ஆறு டேக்கையும் வரிசையாகக் கேட்டார். ஐந்தாவதில் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்தம்மா இவ்ளோ நேரம் கூப்புட்டுக்கினே இருந்திருக்காங்க. ஒனக்குக் கேக்கவே இல்லியா?"

"கேட்டுது மேடம்" என்றேன். "அதனாலதான் ஆறு தடவ எடுக்க வேண்டியதாப் போச்சி."