மரத்தில் தொங்கிய போளி

வைட்ஃபீல்டுக்குள் கரடி புகுந்துவிட்டது என்று முதலில் நம்பியவன் நான்தான். மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஃபோனில், "கரடி வரும்டி, போளியை மரத்துல உசரமா கட்டித் தொங்கவிடு" என்றதும், என் பலாச்சுளைப் பொட்டலத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன்.

மலையில் கூடாரம் போட்டுத் தங்கப்போன மகளுக்குத்தான் அந்த யோசனை.

"எங்களுக்குக் கல்யாணமான புதுசுல உங்கப்பா ட்ரெக்கிங் போனப்ப அப்படித்தான் கட்டினார். நான் மொதமொதல்ல செஞ்ச போளி. அத்தனையும் தின்னுட்டு வந்தார்."

பக்கத்திலிருந்த கணவர் நெளிந்தார். "மரத்துல வேணாம்னு சொல்லு. கைடுகிட்ட இரும்புப் பெட்டி இருக்கும், அதுல வைக்கட்டும். கரடி மரம் ஏறும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தேனே."

அம்மாள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். "அப்போ என் போளி?"

"பைதான் மிச்சம். நீ அழுவேன்னு சொல்லலே."

"ஒவ்வொரு யுகாதிக்கும், அந்த மொதப் போளி மாதிரி வரலேன்னு சொல்வீங்களே!"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாள் ஃபோனை அணைத்துவிட்டு அவர் தோளைத் தட்டினார்.

"கரடியாவது முழுசா தின்னுச்சா?"

"ஒண்ணுகூட மீதி வைக்கலே."