விற்கக் கூடாததைச் செய்யச் சொன்ன வெயிலுமுத்து மேஸ்திரி

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் எங்கள் தோல்பைப் பட்டறை முதலாளி ஹமீது பாய் அவர்களே, தாராவித் தமிழ்ப் பெருமக்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருக்கும் என் கூட்டாளிகளே! உங்கள் எல்லோருக்கும் இந்த முருகம்மாளின் வணக்கம்.

என் மூத்த பேரன் கணேசபாண்டியன் எஸ்.எஸ்.சி. பாஸாகி ரயில்வேயில் கிளார்க்காக இருக்கிறான். இளையவன் பூதத்தான் குர்லாவில் லேத் ஓட்டுகிறான். பேத்தி செண்பகவல்லி மாதுங்காவில் டைப்பிங் பரீட்சையில் முதலாவதாக வந்தாள். துக்கக் கூட்டத்தில் கிழவி வீட்டுப் பெருமையை அளக்கிறாளே என்று நினைக்காதீர்கள். அவர்களைப் படிக்க வைத்தவை இந்தக் கைகள். இந்தக் கைகளின் நடுக்கத்தைப் போக்கியவர் யார்? நம்மை விட்டுப் போன வெயிலுமுத்து மேஸ்திரி அல்லவா!

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பட்டறையில் சேர்ந்த புதிதில் நல்ல தோலை முன்னே விரித்தாலே என் கத்தி ஆடும். ஒரு வெட்டு தவறினால் முழுத் தோலும் பாழாகுமே! மேஸ்திரி திட்டவில்லை. சனிக்கிழமை வேலை முடிய அரைமணி இருக்கையில் கழிவுத் துண்டுகளை நடுவில் கொட்டினார்.

"எல்லாரும் வாங்க. ஆளுக்கு ஒண்ணு செய்யணும். ஆனா விக்கிற சாமான் செய்யக் கூடாது" என்றார்.

பிள்ளை பெற்றவர்கள் விளையாடுவதா என்று கூசினோம். ஜெயினுலாப்தீன் அண்ணன் மட்டும் கச்சிதமாக ஒரு மணிபர்ஸ் செய்தார்.

"இது விக்குமே வே! ஆட்டத்துல சேராது, பிரிச்சுப் போடும்!" என்றார் மேஸ்திரி.

சிரிப்புச் சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார். "என்ன மேஸ்திரி, இது பட்டறையா, பால்வாடியா?"

"நீங்களும் உக்காருங்க முதலாளி."

உட்கார்ந்தார். ஒரு யானை செய்தார்; பார்த்தால் டீக் கெட்டில் போல இருந்தது. "யானை ஜோரா இருக்கு. டீயை எது வழியா ஊத்தணும்?" என்று மேஸ்திரி கேட்டாரே! முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தாரே! மறக்க முடியுமா? அன்று முதல் சனிக்கிழமைதோறும் இந்த ஆட்டம்தான்; என் கத்தியும் நேராக ஓடத் தொடங்கியது.

சீனாச் சண்டை நடந்த வருஷம், நம் பைகள் பக்கவாட்டுத் தையல் விட்டுப்போய் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. மேஸ்திரி நூலை மாற்றினார், ஊசியை மாற்றினார். பலிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் ஒரு நண்டு செய்தேன்.

"ஏளா முருகம்மா, இது நண்டா, மூட்டைப்பூச்சியா?" என்று கையில் வாங்கியவர், நான் விசிறி மடிப்பாக வைத்திருந்த அதன் காலை மடக்கினார், நீட்டினார், மடக்கினார். "பையோட பக்கத்தையும் இப்படி மடிச்சுவிட்டா? இழுக்கிற இழுப்புக்கு மடிப்பு விரிஞ்சு கொடுக்கும், தையல்ல விழாதே!"

அதுதான் இன்று நம் பட்டறைக்குச் சோறு போடும் பை. பைக்காகவா நான் நண்டு செய்தேன்? இல்லவே இல்லை! பை செய்ய உட்கார்ந்திருந்தால் நேற்று வெட்டியதைத்தானே வெட்டியிருப்பேன்? பயந்த கைக்கு வேறு என்ன தெரியும்?

மேஸ்திரியை அடக்கம் செய்து வந்த அன்று முதலாளி சொன்னார்: "அவரே போயிட்டார். ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. இனி சனிக்கிழமை ஆட்டம் வேண்டாம்." துக்கத்தில் சொன்ன சொல் என்று நினைத்து வேலையைப் பார்க்கப் போனோம். ஆனால் புதிதாக வந்திருக்கும் ஹபீபாவைப் பாருங்கள். நேற்று அவள் முன்னே தோலை விரித்தேன். கத்தியை எடுத்தாள், கீழே வைத்துவிட்டாள். "வேலையை விட்டு நின்னுக்கிறேன் பாட்டி" என்கிறாள். நான் எத்தனை தைரியம் சொன்னாலும் அவள் கைக்குப் போய்ச் சேருமா?

முதலாளி, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன். மேஸ்திரியின் பெயரால் எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அந்த அரைமணியைத் திருப்பிக் கொடுங்கள். நாளை சனிக்கிழமை. கழிவுத் துண்டை நான் கொட்டுகிறேன். என் உடம்பில் தெம்பு இருக்கும்வரை கொட்டுவேன். எனக்குப் பிறகு இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கொட்டுவார்கள். ஹபீபாவின் பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும்.

இன்னொன்று. மேஸ்திரியின் மனைவி பேராச்சி அக்காள் ஊரில் இருக்கிறார். அவரிடம் இருப்பது புருஷன் முறைத்துக்கொண்டு நிற்கிற ஒரே ஒரு படம். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து போட்டோக்காரரை நாளைக்கு ஆட்டம் நடக்கும்போது வரச் சொல்லுங்கள். புதுசாக ஒரு படம் பிடித்து அக்காளுக்குத் தபாலில் அனுப்பி வையுங்கள். நாமெல்லாம் வாய்விட்டுச் சிரிக்கிற படம். முதலாளி, நீங்களும் அதில் இருக்கிற படம்.