பிசின் தண்ணிக்கு எத்தனை மந்திரம்?

லூசி: ...ஆமென். அஞ்சு. இன்னும் எறங்கிக்கினுதான் இருக்குது.

தனிஸ்லாஸ்: பேசாத லூசி! கண்ணாடிக் குழாயில தண்ணி கீழ்க் கோட்டத் தாண்டறவரைக்கும் மாதா மந்திரத்த நிறுத்தக் கூடாது.

லூசி: நீ மட்டும் பேசலாமா?

தனிஸ்லாஸ்: நான் ஆராய்ச்சிக்காரன்.

லூசி: எங்க மாட்டுக் கொட்டாயில குந்திக்கினு வேலம்பிசினக் கரைக்கறவன் ஆராய்ச்சிக்காரனா? சரி... ஆமென். ஆறு... ஆமென். ஏழு. தாண்டிடுச்சு.

தனிஸ்லாஸ்: நேத்து இதே தண்ணிக்கு ஒம்போது மந்திரம் ஆச்சே!

லூசி: நேத்து அடுப்புல பால் இருந்துது, வேகமா சொன்னேன். இன்னிக்கி பக்தியா சொன்னேன்.

தனிஸ்லாஸ்: அளக்கும்போது பக்தி கூடாது. ஒரே சீரா சொல்லணும்.

லூசி: இத சாமியார்கிட்ட சொல்லு பாப்போம்... ஆமா, வெறும் பிசின் தண்ணில இன்னாதான் பா அளக்கற?

தனிஸ்லாஸ்: பிசினுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சங்கிலி இருக்குது. தண்ணில வுட்டா ஒவ்வொண்ணும் நூல்கண்டு மாதிரி சுருண்டு எடத்த அடைச்சிக்கும். அதான் தண்ணி மெதுவா எறங்குது. எவ்ளோ மெதுவுன்னு தெரிஞ்சா, கண்டு எவ்ளோ பெருசுன்னு சொல்லிடலாம்.

லூசி: அப்பறம் ஏன் மேல மேல தண்ணிய ஊத்தற?

தனிஸ்லாஸ்: கூட்டமா இருந்தா ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். வில்லியனூர் மாதா கோயில் தேர்க் கூட்டத்துல உங்கப்பா எவ்ளோ குண்டுன்னு அளக்க முடியுமா? தனியா நிக்கும்போதுதான் அளக்கலாம்.

லூசி: எங்கப்பாவ ஏன் இழுக்கற? அவரு தனியா நின்னாலும் அளக்க முடியாது.

தனிஸ்லாஸ்: தண்ணி சேக்கச் சேக்க அளந்து காயிதத்துல ஒரு புள்ளி வெச்சா, கடைசியில நேர்க்கோடு வரணும். உன் மந்திரத்தால நாய் வாலு மாதிரி வருது. காலேஜி வாத்தியாரு முசியே பாத்தாருன்னா, பிசினுக்குப் பேய் புடிச்சிருக்குதும்பாரு.

லூசி: அப்ப மறுபடியும் அளக்கணுமா?

தனிஸ்லாஸ்: வேற இன்னா பண்றது...

லூசி: ஐயோ பாவம்.

தனிஸ்லாஸ்: யாரு, நானா?

லூசி: பிசின்.

ஆரோக்கியம்: ஏண்டி லூசி, நிறுத்திட்ட? சமையக்கட்டுல கேட்டுக்கினே இருந்தேன், காதுல தேனா பாஞ்சுது.

லூசி: மூச்சு வாங்கிச்சும்மா.

ஆரோக்கியம்: ஒரு வாரமா பொழுதனிக்கும் மாதா மந்திரம்! பெத்த வயிறு குளுந்துபோச்சு. அதான் சாமியார்கிட்ட சொல்லிட்டேன்.

லூசி: இன்னான்னு?

ஆரோக்கியம்: எம்பொண்ணுக்கு தேவ அழைத்தல் வந்திருக்குதுன்னு. கன்னியர் மடத்துல சேத்துக்கறாங்களாம். மத்தியானம் மடத்துத் தாயாரே வண்டி கட்டிக்கினு வராங்க. வாத்து அறுத்து கொழம்பு வெச்சிருக்கேன்.

லூசி: எம்மா!

தனிஸ்லாஸ்: அத்தே!

ஆரோக்கியம்: நீ ஏண்டா துள்ளற? பாரு, குழாய ஒடைச்சிட்ட!

தனிஸ்லாஸ்: குழா கெடக்குது அத்தே. மடத்துக்குப் போனா... லூசி எப்ப திரும்பி வரும்?

ஆரோக்கியம்: கன்னியாஸ்திரி ஆனவ எங்கடா திரும்பறது? முடிய வெட்டி முக்காடு போட்டுடுவாங்க. அவங்கப்பாவும் சரின்னுட்டாரு.

தனிஸ்லாஸ்: லூசி, உண்மைய சொல்லிடு.

லூசி: நீ சொல்லு. நீதான ஆராய்ச்சிக்காரன்?

தனிஸ்லாஸ்: அது வந்து அத்தே... அது செபம் இல்ல. தண்ணி எவ்ளோ நேரத்துல எறங்குதுன்னு, மந்திரத்த எண்ணி நேரம் பாத்தோம்.

ஆரோக்கியம்: மாதா மந்திரத்தையா? பிசினுக்கா?

தனிஸ்லாஸ்: சுத்தமான பிசின் அத்தே. வேட்டித் துணியில வடிகட்டினது.

ஆரோக்கியம்: வாய மூடு! எம்பொண்ணு மோட்சத்துக்கு ஏணி வெச்சிட்டான்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்... சரி, ஒண்ணும் கெட்டுப்போவல. எதுக்கு சொன்னாலும் மந்திரம் மந்திரம்தான். மடத்துக்குப் போவட்டும்.

லூசி: நான் போவ மாட்டேன்.

ஆரோக்கியம்: ஏன்னு சொல்லுடி.

லூசி: கோடு... இன்னும் நேரா வரல.

ஆரோக்கியம்: கோட்ட அவன் போட்டுக்குவான். ஏன் தம்பி, நேரம் பாக்க எம்பொண்ணுதான் கெடைச்சாளா? பிசின அளக்கச் சொல்ற காலேஜில ஒரு கடிகாரம் குடுக்க மாட்டாங்களா?

தனிஸ்லாஸ்: ...குடுத்தாங்க அத்தே.

ஆரோக்கியம்: எங்க அது?

தனிஸ்லாஸ்: சொக்கா ஜோபியில.

ஆரோக்கியம்: ஓடலியா?

தனிஸ்லாஸ்: ஓடுது. நொடி முள்ளுகூட ஓடுது. அதுல பாத்து மொத நாளே நேர்க்கோடு வந்துடுச்சு. முசியேகிட்டயும் குடுத்தாச்சு.

ஆரோக்கியம்: அடப்பாவி! அப்ப மீதி நாளெல்லாம் எங்க கொட்டாயில நீ எதடா அளந்த?

தனிஸ்லாஸ்: கண்ணாடித் துண்டப் பொறுக்கிடறேன் அத்தே, கால்ல குத்திடும்.

ஆரோக்கியம்: லூசி, கேட்டியாடி இவன் பண்ண வேலைய? உனக்கு இது தெரியுமா, தெரியாதா?

லூசி: மொத நாள்லேருந்தே டிக்கு டிக்குன்னு கேக்குதும்மா... உன் காதுல வுழுந்துடப்போவுதேன்னுதான் நான் மந்திரத்த அவ்ளோ ஒரக்க சொன்னேன்.